மேடைக் கதவருகே ஒரு பொன்னாடை

ஐம்பது வயதில் செய்யக்கூடாத காரியம்தான், ஒப்புக்கொள்கிறேன்: ஓர் ஆங்கில நாடக நடிகருக்குப் போர்த்தச் சென்னையிலிருந்து பொன்னாடை கொண்டுவந்திருக்கிறேன். மேடையில் காலமெல்லாம் அரசராக நடித்து, கடைசியில் நிஜ ராணியிடமே பட்டம் வாங்கியவர். வானொலியில் அவர் குரலைக் கேட்டுத்தான் நான் ஆங்கிலம் கற்றேன். நேரில் ஒரு நன்றி சொல்லாமல் ஊர் திரும்ப மனமில்லை.

லண்டனில் புதன்கிழமை மதிய ஆட்டம் முடிந்து, அரங்கின் பின்வாசலில் தூறலில் நிற்கிறேன். வாயில்காப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஆருக்கு நிக்கிறியள், அண்ணை?"

"பெரியவருக்குத்தான். கூட்டம் இருக்கும்னு சீக்கிரமே வந்துட்டேன்."

"கூட்டமோ? இந்த மாதம் நீங்கள்தான் முதல் ஆள்."

கதவு திறக்கிறது. அரசர், கையில் மடித்த செய்தித்தாளோடு, தனியாக வருகிறார். மேடையில் பார்த்ததைவிட ஒரு சாண் குட்டை. மனப்பாடம் செய்த நன்றியுரை எனக்கு மறந்துபோகிறது. பொன்னாடையை மட்டும் விரிக்கிறேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கண்ணை மூடி, தலை தாழ்த்தி ஏற்றுக்கொள்கிறார். நம்மூர்த் தலைவர்கள்கூட இவ்வளவு அழகாகக் குனிந்ததில்லை. பிறகு, சரிகை மினுங்க, தெருமுனைத் தேநீர்க் கடையை நோக்கித் தனியே நடக்கிறார்.

"பார்த்தீங்களா, என் மனசு அவருக்குப் புரிஞ்சுடுச்சு," என்கிறேன்.

"ஓம், ஓம். ஆனா அண்ணை, தோளிலை ஆர் துணி போட்டாலும் அவர் உப்பிடித்தான் குனிவார். மேடைக்குப் பின்னாலை உடுப்புப் போட்டுவிடுற ஆக்களோடை நாப்பது வருஷப் பழக்கம்."