நாற்பத்திரண்டாவது குடும்பம்

ஓமான் நாட்டு சோஹாரில் வெல்டராக இருக்கும் கார்மேகத்தின் ஊர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி விரட்டப்பட்ட நாற்பத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து உண்டாக்கியது. வருஷாவருஷம் கப்பல் கரை சேர்ந்த நாளில் அந்தக் குடும்பங்களின் பெயரை வாசிப்பார்கள். வாரிசுகள் "வந்தாச்சு" என்று குரல் கொடுப்பார்கள்.

இந்த வருஷம் ஊர் வரலாற்றைப் புத்தகமாக எழுதியவன் கார்மேகம். அதில் நாற்பத்தோரு பெயர்தான் போட்டான். விட்டது சடையன் குடும்பத்தை. மகள் வேறு சாதியில் கல்யாணம் கட்டியதற்காக அவர்களை ஊரைவிட்டே துரத்தியவர் கார்மேகத்தின் அப்பா. விரட்டப்பட்ட கதையைப் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு, விரட்டிய கதையை எழுதக் கை வரவில்லை.

கப்பல் நாள் வந்த வெள்ளிக்கிழமை, சோஹாரின் தொழிலாளர் கேம்ப்பில் அங்கே வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் கூடினார்கள். சடையனின் பேரன் விஜயபாஸ்கரும் வந்து உட்கார்ந்தான். கார்மேகம் தலை நிமிராமல் பெயர்களை வாசித்து முடித்தான்.

"அவ்வளவுதானாண்ணே?" என்றான் விஜயபாஸ்கர்.

"அவ்வளவுதாம்ப்பா." கார்மேகம் புத்தகத்தை மூடினான்.

விஜயபாஸ்கர் கோபப்படவில்லை. எழுந்து நின்று, யாரும் வாசிக்காத பெயருக்கு, "வந்தாச்சு" என்றான்.