வண்டி நின்னா செல்லும்

"சித்தப்பா, பகடை கீழ வுழுந்துட்ச்சி. செல்லுமா, செல்லாதா?" என்று போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் கேட்டான். கூடத்தில் நண்பர்களோடு உட்கார்ந்து ஏதோ டிராகனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் வாய் நிறைய இட்லியோடு, "வண்டி நின்னா செல்லும்" என்றேன். பிள்ளைகள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பார்க்கட்டும். உங்களுக்காவது விளக்கிவிடுகிறேன்.

இந்த விளையாட்டைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக அவர்களுக்கு நினைப்பு. ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்வந்த காலத்தில், கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் நாங்கள் இதைத்தான் ஆடினோம். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். சுவரேறினாலும் கத்தி வீசினாலும் பலிக்குமா என்று இருபது முகப் பகடை சொல்லும். கதை நடத்தியது நான். வாயாடிக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்? தனசேகர் வாள்வீரன், நிஜத்தில் பல்லியைக் கண்டால் சீட்டின்மேல் ஏறுவான். ஸ்டெல்லா விளக்கைப் பிடித்து முன்னால் போகும் வழிகாட்டி.

குலுங்குகிற பஸ்ஸில் பகடை எங்கே நிற்கும்? என் டிபன் கேரியரின் சட்னி டப்பாவில் போட்டுக் குலுக்குவோம். எத்தனை கழுவியும் பகடையில் பூண்டு வாசம் போகவில்லை. இன்றைக்கும் பூண்டுச் சட்னி வாசம் வந்தால் எனக்குக் குகையும் பூதமும்தான் நினைவுக்கு வரும்.

மூடியைத் திறந்த பிறகு வண்டி பள்ளத்தில் இறங்கி எண் புரண்டுவிட்டால்? அதற்கு விதி போட்டவள் ஸ்டெல்லா. அடுத்த ஸ்டாப்பில் வண்டி நின்றதும் எது தெரிகிறதோ அதுதான் கணக்கு. கம்பெனியிலும் அவளுக்குத் தரம் பார்க்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் ஒதுக்கிவிடுவாள். நான் நேர் எதிர். ஆட்டத்தின் விதிப்புத்தகம் முடியாது என்கிற இடத்திலெல்லாம், "சரி, இந்த ஒருதரம்" என்பேன். கதை ஓடினால் போதும் எனக்கு.

கதையில் எரிகிற விளக்கின் எண்ணெயைக்கூட அவள் கணக்குப் பார்க்காமல் விடமாட்டாள். "எல்லாரும் ஒரு சுத்து ஆடி முடிச்சா எண்ணெய் கொறையணும்ணா. புக்குல கீது."

"இன்னா பேஜார்மா இது!" என்று தனசேகர் தலையில் அடித்துக்கொள்வான்.

பிறகு ஒருநாள் அவளுடைய காண்டிராக்டை நீட்டிக்கவில்லை. ரூல் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்களாம். கடைசி நாளும் பஸ்ஸில் வழக்கம்போல உட்கார்ந்து, "ஆரம்பிண்ணா" என்றாள். கம்பெனி அவளுக்காக எதையும் வளைக்கவில்லை; என் கதையிலாவது அவள் உயிரோடு குகையை விட்டு வெளியே வரவேண்டும் என்று முடிவு கட்டினேன்.

பகடைக்கு அது தெரியுமா? பூதம் அடித்து அவள் குற்றுயிராகக் கிடந்தாள். பிழைக்கப் பத்துக்கு மேல் விழவேண்டும். மூடியைத் திறந்தால் பதினேழு! தனசேகர் விசிலடித்தான். அதற்குள் பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கி, திருப்புலிவனத்தில், அவள் ஸ்டாப்பில் நின்றது. டப்பாவில் மூன்று.

"செல்லாது, செல்லாது! மொதல்ல வுழுந்ததுதான்!" என்று கத்தினேன்.

"வண்டி நின்னுச்சில்ல?" என்றாள் ஸ்டெல்லா, பையை எடுத்துக்கொண்டே. "பாவம்னு வுட்டுக்குடுக்காதண்ணா. அப்புறம் நான் இத்தினி நாளு ஜெயிச்சதும் நீ வுட்டுக்குடுத்ததாப் பூடும்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. யாருக்காக வளைக்கிறேன் நான்? படியில் இறங்கப் போனவள் திரும்பினாள்.

"நான் செத்தா விளக்கும் அணையணும்னு புக்குல கீதா?"

இல்லை. அதைப்பற்றிப் புத்தகம் வாயே திறக்கவில்லை.

"அப்போ எரிஞ்சிக்கினுதான் கீது. எடுத்துக்கினு வெளிய போங்க." இறங்கிவிட்டாள்.

விதியை மீறுவது வேறு, விதி வாய்மூடி நிற்கிற இடத்தில் நாம் பேசுவது வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அத்தனை நாளும் நான் வளைத்ததெல்லாம் சோம்பேறித்தனம்; அவள் செய்ததுதான் கற்பனை.

ஆட்டம் அதோடு நின்றது. தனசேகருக்கு வாளை எடுக்க மனசில்லை. அந்த ரூட்டில் பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆளுக்கொரு பைக். பகடை எந்த சீட்டுக்கடியில் உருண்டதோ. ஸ்டெல்லா ஓசூர் பக்கம் வேலைக்குப் போனதாகக் கேள்வி.

ஆனால் ஒன்று. ஒரு சுற்று ஆடி முடித்தால்தானே எண்ணெய் குறையும்? அவள் போனபின் நாங்கள் ஒரு சுற்றும் ஆடவில்லை. விதிப்படி அந்த விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்டெல்லாவே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.