பட்டியலில் சேராத கிணறு

எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு மின்சாரம் வரத் தொடங்கியிருந்த சமயம். நான் கோயம்புத்தூரில் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிவந்தேன். எந்தக் கட்சியிலும் இல்லை. அளந்து பார்க்காமல் எழுதுவதில்லை என்ற பெருமை வேறு. ஆனால் ஜில்லா போர்டு தேர்தலில் நின்ற, கிணற்றுக்கு மின்மோட்டார் விற்கும் வியாபாரியை எனக்குப் பிடிக்காது. அவர் தோற்க வேண்டுமென்று உள்ளுக்குள் ஆசை.

அந்தக் கோடையில் கயிறும் கல்லுமாக அன்னூர்ப் பக்கம் அலைந்து கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தேன். மோட்டார் ஓடும் இடத்தில் அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றுகின்றன என்று பட்டியல் போட்டு எழுதினேன். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு அது வெளிவந்தது. பலரும் பாராட்டினார்கள்.

நாலைந்து நாளில், உக்கடத்துக்கு அருகிலிருந்த எங்கள் ஆபீசுக்கு ஓர் அம்மாள் வந்தார். கணவரை இழந்து, அன்னூரில் தனியாகப் பண்ணையம் பார்ப்பவர்.

"ஏனுங்க, என்ற மோட்டார் ஓடறப்பத்தான் கொழுந்தனார் கெணத்தை அளந்தீங்க. தண்ணி எறங்கலைன்னு நீங்களே சொன்னீங்க. அது பேப்பர்ல எங்கீங்க?"

"எடம் பத்தலைங்க," என்றேன். பொய்.

"கொழுந்தனாரு உங்க பேப்பரைக் காட்டி, ஊரைக் கூட்டி, மோட்டாரை நிறுத்திப்போட்டாருங்க. மொளகாச் செடி வாடுதுங்க."

அவர் போனபின் நோட்டைப் பிரித்தேன். மட்டம் இறங்காத மூன்று கிணறுகளைக் கோடு போட்டு அடித்திருந்தேன். பக்கத்திலேயே காரணமும் இருந்தது: ஓடை அருகே, நல்ல ஊற்று. காரணங்கள் உண்மைதான். ஆனால் வற்றிய கிணறு ஒன்றுக்குக்கூட நான் அப்படிக் காரணம் தேடியிருக்கவில்லை. மோட்டார் வருமுன்பே வற்றிய ஒரு கிணற்றையும் பட்டியலில் சேர்த்திருந்தேன்.

அன்றே திருத்தம் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன்.

"இப்பப் போட்டா அந்தாளுக்குத்தானுங்க ஆதாயம். எலெக்சன் முடியட்டுங்க."

திருத்தத்தை அவர் மேசையிலேயே விட்டு வந்தேன். அவர் அப்படிச் சொன்னதும் நெஞ்சு லேசானதே, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அதன்பின் வாசலில் யார் குரல் கேட்டாலும் அந்த அம்மாளோ என்று பதறினேன்.

வியாபாரி தோற்றார். திருத்தம் கடைசிப் பக்கத்தின் மூலையில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அன்னூர் போனேன். கொழுந்தனார் நிதானமாகப் படித்து, மடித்து, என்னிடமே நீட்டினார்.

"அதையும் நீங்கதான் எழுதினீங்க, இதையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. எங்களுக்கு மொதல்ல எழுதினதே போதுமுங்க."

அந்த அம்மாளின் செடிகள் அதற்குள் கருகியிருந்தன. வரப்பில் நின்றவர் என்னைப் பார்த்தார். "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை.