மானோ என்றால் கை

அந்த வீடியோ கால் வந்தபோது அம்மா இருந்தாள். என் மனைவி இருந்தாள். தறியில் பாவு பிணைக்கக் கூட வந்த பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். தம்பி மனைவி இருந்தாள். விரலில் ஒட்டிய சாம்பலோடு போனைப் பிடித்திருந்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

எங்கள் வீட்டில் தம்பி மனைவி என்னோடு நேராகப் பேசமாட்டாள். அவள் இருக்கும் அறைக்குள் நானும் போகமாட்டேன். எது சொல்வதானாலும் "அக்கா, மாமாகிட்ட சொல்லுங்க" என்று என் மனைவியிடம் சொல்வாள். எனக்குக் காதில் விழும். அப்படித்தான் பழக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குரலைக் கேட்டிருக்கிறேனே தவிர, முகம் பார்த்து ஒரு பேச்சுப் பேசியதில்லை.

தம்பி ஸ்பெயினில் ஒரு ஓட்டல் சமையல்கட்டுக்கு வேலைக்குப் போனான். பின்னாலேயே இவளையும் கூட்டிக்கொள்வதாகப் பேச்சு. அதற்காக அவள் அந்த ஊர்ப் பாஷையைப் போனில் படித்தாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்தால், அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. கண்ணும் விரலும் அதில் இருக்கும். காது சும்மாதான் இருக்கும். பக்கத்தில் போன் பேசும், இவள் திருப்பிச் சொல்வாள். "கை இங்க கீது, வாய் மட்டும் பிளேன் ஏறிப் போயிகினு கீது" என்று என் மனைவி சீண்டுவாள்.

களம்பூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கிவிட்டு வந்து படியில் உட்கார்ந்தால் எனக்கும் அந்தப் பாடம்தான். ஐந்தாவதோடு நின்றவன் நான். எனக்கு ஒட்டியது ஒரு சொல். மானோ என்றால் கை. கை குலுக்குவதற்கும் அந்தச் சொல் வரும். கையால் செய்த சாமானுக்கும் வரும். கஷ்டத்தில் ஒருவருக்கு உதவினாலும் மானோ கொடுத்ததாகத்தான் சொல்வார்களாம். "நம்மளாட்டமேதான்கா" என்று தம்பி மனைவி சிரித்தாள். அந்தப் பாஷையில் சொல்லிலும் ஆம்பளை, பொம்பளை உண்டாம். ஓ என்று முடியும் சொல் பெரும்பாலும் ஆம்பளையாம். கை மட்டும் பொம்பளையாம்.

"பின்ன? வேலை செய்றது எதுவோ அது பொம்பளதான்" என்றாள் என் மனைவி. பக்கத்து வீட்டுக்காரி சிரித்ததில் ஒரு இழை அறுந்தது.

அந்த வீடியோ கால் வந்த அன்று காலையில் தம்பியோடு தங்கியிருந்தவன் கூப்பிட்டான். தம்பிக்கு மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னான். சாயந்திரம் தம்பி போனிலிருந்தே வீடியோ கால் வந்தது. தெரிந்தது ஒரு நர்ஸ் பெண். பின்னால் கட்டிலில் தம்பி, வாயில் குழாயோடு. அந்தப் பெண் வேகமாகப் பேசினாள். தம்பி மனைவிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அத்தனை நாள் படித்ததெல்லாம் எங்கே போனதோ.

"இன்னாடி சொல்றா? புள்ள பொழைப்பானாமா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தெரியல அத்தை. ஜல்தியா பேசுறாங்க, ஒண்ணும் தெரியல."

பிறகு அவள் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், "மானோ... சூ மானோ, போர் ஃபவோர்" என்றாள். அவர் கை, தயவுசெய்து. இன்னொரு தரமும் சொன்னாள். அந்தப் பெண் பேச்சை நிறுத்தினாள். கையுறையைக் கழற்றினாள். தம்பியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியும்படி போனைத் திருப்பினாள். சார்ஜ் தீரும்வரை அப்படியே இருந்தாள்.

மறுநாள் தம்பி போய்விட்டான்.

இப்போதும் அவள் பாவு பிணைக்கிறாள். பாடத்துக்கு நேரமானால் போன் மணியடித்துக் கூப்பிடும். பாடத்தை அழிக்கவும் இல்லை, கேட்பதும் இல்லை. குப்புறத் திருப்பி வைத்துவிடுவாள். நான் படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே பேச்சு இருக்காது. மில்லில் எத்தனை பாரம் ஏற்றினாலும் தாங்கும் கை எனக்கு. அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் தம்பியைப் பிடித்திருந்தது பேர் தெரியாத ஒருத்தியின் கை. அன்று இந்த வீட்டில் இருந்த கைகள் பத்து.