மூன்று பேருக்கு இரண்டு பந்து

2003-ம் வருஷம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. மாமல்லபுரம் போகிற வழியில், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒன்பது குழி கொண்ட சின்ன கோல்ஃப் மைதானம் ஒன்று அப்போது இருந்தது. கோல்ஃப் என்றதும் டி.வி.யில் வருகிற பச்சைக் கம்பளத்தை நினைத்துவிடாதீர்கள். இது பாதி மணல், பாதி முள். குழியைச் சுற்றிக்கூடப் புல் கிடையாது. எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி, பந்து உருள்வதற்காகச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். அங்கேதான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது.

நாங்கள் மூன்று பேர், மூவரும் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள். நாங்கள் வேலை பார்த்த அணுமின் நிலையத்தின் அணுபுரம் குடியிருப்பிலிருந்து ஞாயிறு காலைகளில் ஸ்கூட்டரில் போவோம். நான் திருநெல்வேலிக்காரன். என் பக்கத்து வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ப் பக்கம். மூன்றாமவர் செய்யூர்க்காரர். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவர் ஐ.டி.ஐ. படித்து வேலைக்கு வந்தவர். மட்டையைக் கையில் எடுத்தால் எங்கள் இருவரையும் விடக் கெட்டிக்காரர். வேலையிடத்தில் எங்களை 'சார்' என்பவர், மைதானத்தில் கால் வைத்ததும் 'அண்ணாத்த' ஆக்கிவிடுவார்.

இது நடப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு எங்கள் கூட்டணி உடைந்து போயிருந்தது. உடைத்தது நான்தான்.

மைதானத்தில் வருஷா வருஷம் நடக்கும் போட்டி அது. கோயம்புத்தூர்க்காரர் அடித்த பந்து இடது பக்கம் போய் ஒரு முட்செடியின் அடியில் விழுந்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது பந்து பத்தடி தள்ளி, அடிப்பதற்கு வசதியான திறந்த மணலில் கிடந்தது. பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்து, எல்லோரும் மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "இவர் பந்தை நகர்த்திட்டார்" என்று சத்தமாகச் சொன்னேன்.

"நான் தொடலீங்க" என்றார் அவர்.

"பின்னே, பந்து அதுவா நடந்து வந்துச்சா?" என்றேன். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மட்டையைத் தொடவும் இல்லை, என்னோடு பேசவும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் இந்தப் பக்கம் கேட்கும். அப்படி இருந்தும் இரண்டு வருஷம் ஒரு வார்த்தை கிடையாது. இடையில் அவருடைய மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம் நடந்தது. அவர் மனைவி வந்து என் மனைவி கையில் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனார். என் மனைவி போகலாம் என்றுதான் சொன்னாள். நான்தான் வீம்பு பிடித்துப் போகவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் செய்யூர்க்காரருக்கு நெஞ்சுவலி வந்து, சென்னையில் ஆபரேஷன் ஆயிற்று. பிழைத்து வந்தவர், வீட்டை விட்டு வெளியே வரப் பயந்துகொண்டு கட்டிலிலேயே கிடந்தார். ஒரு நாள் சாயங்காலம் அவர் மனைவி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டாக்டர் டெய்லி நடக்கணும்னு சொல்லிக்கீறாரு அண்ணே. இவரு வூட்டுலயே குந்திகினு கீறாரு. நானும் சொல்லிப் பாத்துட்டேன். உங்க ரெண்டு பேரு கூடத்தான் நடப்பாராம். ரெண்டு பேரும் வந்தாத்தான் வருவாராம்."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து வீட்டிலும் இதையே சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. இதற்கு எப்படி மறுக்க முடியும்?

அந்தத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மூவரும் மைதானத்துக்கு வந்தோம். நானும் கோயம்புத்தூர்க்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். செய்யூர்க்காரர் பாதியாக இளைத்திருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. வழக்கம்போல ஆளுக்கொரு பந்தை அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போய்விடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவர் விடவில்லை.

"மூணு பேருக்குன்னே ஒரு ஆட்டம் கீது அண்ணாத்த. ஒருத்தரு தனி, ரெண்டு பேரு கூட்டு. தனி ஆளுக்கு ஒரு பந்து. கூட்டாளிங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பந்து, மாத்தி மாத்தி அடிக்கணும். மூணு குழிக்கு ஒரு தபா தனி ஆளு மாறணும். மொதல் மூணு குழி நான் தனி."

அப்படியானால் நாங்கள் இருவரும் கூட்டு. அவர் வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று புரிந்தது. ஆனால் நெஞ்சில் தையல் போட்ட மனுஷனிடம் என்ன வாதாடுவது?

முதல் குழியை ஊமைகள் மாதிரி ஆடி முடித்தோம். இரண்டாவது குழிக்குக் கோயம்புத்தூர்க்காரர் முதலில் அடித்தார். பழக்கம் விட்டுப்போன கை. பந்து இடது பக்கம் திரும்பி ஒரு முட்செடியின் அடியில் போய் நின்றது. மூவருமே பார்த்தோம். அடுத்து அடிக்க வேண்டியது நான் என்பதால் வேகமாக முன்னால் நடந்தேன். அவர் செய்யூர்க்காரரின் நடைக்குத் துணையாக, மண் மேட்டுக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

நான் செடிக்கு இருபதடி தூரத்தில் இருந்தேன். ஒரு காக்கை இறங்கியது. முட்டை என்று நினைத்ததோ என்னவோ, பந்தை அலகால் கவ்விக்கொண்டு எழும்பியது. கனம் தாங்கவில்லை. கொஞ்சம் தள்ளித் திறந்த மணலில் பந்தை நழுவவிட்டுவிட்டுப் பறந்து போனது.

அடுத்த நிமிஷம் கோயம்புத்தூர்க்காரர் மேட்டைத் தாண்டி வந்தார். பந்து திறந்த மணலில். பக்கத்தில் நான்.

"காக்கா..." என்றேன். "காக்கா ஒன்னு வந்து தூக்கிப் போட்டுச்சு. நான் தொடலை."

என் காதுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. வானத்தில் காக்கை எதுவும் இல்லை. அவர் பந்தைப் பார்த்தார், முட்செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். 'அதுவா நடந்து வந்துச்சா' என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

"சரிங்க. அப்ப நம்ம மேல தப்பில்லீங்க. மொதல்ல கெடந்த எடத்துலயே வெச்சு அடிங்க" என்றார்.

அவ்வளவுதான். குரலில் கிண்டல் இல்லை, குத்தல் இல்லை.

பந்தை எடுத்துச் செடியடியில் வைத்தேன். நான் அடித்த அடியில் பந்து ஒரு சாண்கூட நகரவில்லை. அடுத்த முறை அவருடையது. அவர் குனிந்து, முள் கையைக் கீறுவதைப் பொருட்படுத்தாமல் பந்தை வெளியே தட்டினார்.

மேட்டின் மேலிருந்து செய்யூர்க்காரர் குரல் கொடுத்தார். "இன்னா, அங்கியே நின்னுகினு கீறீங்க?"

அந்தக் குழியைச் செய்யூர்க்காரர் ஜெயித்தார். மூன்றாவது குழிக்கு நடக்கும்போது நான் கோயம்புத்தூர்க்காரரிடம் சொன்னேன். "அன்னிக்கு நீங்களும் தொடலைன்னுதான் சொன்னீங்க. நான் நம்பலை. அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் பந்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே நடந்தார். பிறகு சொன்னார். "நான் வர்றப்பவே பந்து அங்கதானுங்க கெடந்துச்சு. காக்காயா, நாயா, எனக்கும் தெரியாதுங்க."

இன்னும் கொஞ்சம் நடந்த பிறகு, தரையைப் பார்த்தபடி, "கல்யாணத்துல உங்க குடும்பத்துக்குன்னு ஒரு ரூம் போட்டு வெச்சிருந்தேனுங்க. யார் கேட்டும் குடுக்கலீங்க. ரெண்டு நாளும் பூட்டியே கெடந்துச்சு" என்றார்.

அங்கேயே நின்று அழுதுவிட்டேன். அவர் என் கையிலிருந்த மட்டையை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பின்னால் வந்த செய்யூர்க்காரர் எங்களைப் பார்த்துவிட்டு அங்கிருந்த மணல் மேடு ஒன்றில் உட்கார்ந்துகொண்டார். "எனக்கு மூச்சு வாங்குது. நீங்க மெதுவா பேசிகினு இருங்க. ஒன்னும் அவசரம் இல்ல."

அன்று நாங்கள் ஒன்பது குழியையும் ஆடவில்லை, நாலோடு திரும்பிவிட்டோம். சாயங்காலம் நானும் என் மனைவியும் பக்கத்து வீட்டுக்குப் போனோம். கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, யார் எந்த மாமா, யார் எந்த ஊர் என்று அவர் ஒவ்வொரு பக்கமாகச் சொன்னார். செய்யூர்க்காரர் அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூடத் தவறவிடவில்லை. ஓய்வு பெற்று ஆளுக்கொரு ஊராகப் பிரிகிறவரை அந்த ஆட்டத்தைத்தான் ஆடினோம்.

இன்றைக்கும் என் வீட்டிலோ வெளியிலோ யாராவது "நான் செய்யலை" என்று சொன்னால், என் வாயில் உடனே வருகிற கேள்வியை அடக்கிக்கொண்டு, அன்று அவர் என் வெறும் சொல்லை ஏற்றுக்கொண்ட மாதிரி நானும் முதலில் நம்பிவிடப் பார்க்கிறேன்.