கட்டிக்குள் இருந்த வெள்ளை அணுக்கள்

வயிற்றுப் புற்று குடிகாரனுக்கு வரும் நோய் என்பது பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊராரின் முடிந்த முடிவு. மதுவின் வாடையே அறியாத நான் அந்தப் பேச்சுக்கு ஆளாக விரும்பவில்லை. இரைப்பைப் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின், பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அல்சர் என்றே சொன்னேன். மனைவியையும் அவ்வாறே சொல்லச் செய்தேன்.

வெட்டியெடுத்த கட்டியின் சோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், கட்டிக்குள்ளேயே வெள்ளை அணுக்கள் ஏராளமாகப் புகுந்திருக்கின்றன என்றார். விலங்கியல் படித்தவன் என்ற முறையில் நான் தலையசைத்தேன். மனைவி விடவில்லை.

"அது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"நல்லதும்மா. நோயை எதிர்க்கிற செல்லுங்க அது. வெளியிலயே நிக்காம கட்டிக்குள்ள போயிருக்கு. இப்படி இருக்கிறவங்க பொதுவா கூடுதல் காலம் நல்லா இருக்காங்க. ஆனா அதுலயும் பல வகை இருக்கு. இத மட்டும் வெச்சு உறுதி சொல்ல மாட்டேன். தவறாம செக்கப்புக்கு வரணும்."

அந்தப் 'பொதுவா' அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த ஞாயிறு, எங்கள் மாதா கோயிலில் பூசைக்கு முன் வாசிக்கும் வேண்டுதல், நன்றிக் கருத்துகளில் எங்கள் நன்றியும் இடம்பெற்றது, அல்சர் நீங்கியதற்காக.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எங்கள் நிலத்தை அடுத்த காட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"சார், எனக்கும் அதே அல்சருதானுங்க. நாலு வாய் தின்னா வயிறு அடைச்சுக்குது. உங்களுக்குக் கேட்ட மாத்திரை பேரைச் சொல்லுங்க, மெடிக்கல்ல வாங்கிக்கறேன்."

எனக்கும் தொடக்கம் அப்படித்தான் இருந்தது. மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

"எனக்கு வந்தது அல்சர் இல்லீங்க. கேன்சர். இரைப்பையில பாதியை எடுத்துட்டாங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சார், நீங்க குடிப்பீங்களா?"

"இல்லை."

"நானும் குடிக்கறதில்லீங்களே. அதனால அது எனக்கு வராதுன்னு இருந்துட்டேன்."

கட்டிக்குள் புகுந்த வெள்ளை அணுக்களைப் பற்றி மருத்துவர் சொன்னதை அவருக்கு விளக்கினேன்.

"அந்தச் செல்லு எனக்கும் உள்ள போயிருக்குமுங்களா?"

"அது அப்புறம். மொதல்ல கட்டி இருக்குதான்னு கொழாய் விட்டுப் பாக்கட்டும். மாத்திரை வேண்டாம். நாளைக்கே தர்மபுரி போவோம், நானும் வர்றேன்."

மறுநாள் பேருந்தில் தெரிந்த முகங்கள் பல இருந்தன. "ரெண்டு பேரும் சோடி போட்டுக்கிட்டு எங்கீங்க பயணம்?" என்று முன்னிருக்கைப் பெண் கேட்டாள். காட்டுக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னோட கேன்சர் டாக்டரைப் பாக்க" என்று, பின்னிருக்கைக்கும் கேட்கும்படி நான் பதில் சொன்னேன்.