பயிர் கருகுது என்றால் நம்பிவிடும் என் ஏஜென்ட்

கம்பத்தில் எனக்கும் மச்சானுக்கும் பொதுக் கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் முறை. யார் மோட்டார் எப்போது ஓடும் என்பதை எங்கள் இரண்டு பேருடைய ஏஜென்ட் மென்பொருள்களும் தங்களுக்குள் பேசி முடிவுசெய்யும். இரண்டையும் எழுதியது நான்தான்.

இன்று நான் குடியிருக்கும் பழனிசெட்டிபட்டியிலிருந்து தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால், என் திராட்சைக்கொடி துவண்டு கிடக்கிறது. மச்சானின் வாழையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

போனில் என் ஏஜென்டின் குறிப்பைத் திறந்தேன்.

"பக்கத்துத் தோட்டத்தில் பயிர் கருகுவதாகச் செய்தி வந்தது. நம் முறையை விட்டுக்கொடுத்தேன்."

என்னுடைய கடைசி மூன்று முறைக்கும் இதே வரி.

மச்சானிடமே கேட்டேன்.

"நீங்கதான மாப்ள சொன்னீக, கருகுதுன்னா ஒடனே விட்டுக்குடுத்துரும்னு? சும்மா சொல்லிப் பாத்தேன், விட்டுருச்சு."

அவர் தோட்டத்து மண்ணில் ஈரம் பார்க்கும் சென்சார் இருக்கிறது. ஆனால் மச்சான் சொல்வதைச் சரிபார்ப்பது மரியாதையில்லை என்று, என் ஏஜென்ட் அதைப் பார்க்கும் சோதனையை எடுத்துவிட்டவனும் நான்தான்.

சோதனையைத் திரும்பப் போடப்போவதாக வீட்டில் சொன்னேன். "எங்க அண்ணனையா சந்தேகப்படுறீக?" என்றாள் மனைவி.

ஊர் பேர் தெரியாத திருடனுக்கு அந்த மென்பொருளில் மூன்று பூட்டுப் போட்டிருக்கிறேன். மச்சானுக்கும் ஒன்று போட வேண்டும். வீட்டில் சோறு நிற்காமல் அதைப் போடும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.